பிரதி அனுப்பிய வெட்டு உத்தரவு

ஆலையின் பழைய கணினி சாகக் கிடந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. முட்டி வலி, சர்க்கரை, திருக்கோவிலூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்குக் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே போகும் அலுப்பு எல்லாம் இருந்தும் போனேன். போனதற்குக் காரணம், கூப்பிட்டார்கள் என்பதுதான். வயதானவனைக் கூப்பிட்டு வேலை சொன்னால் அவன் வாலை ஆட்டிக்கொண்டு போவான் என்பது எனக்கு அன்று தெரியவில்லை.

எந்த ஆலை என்று எழுதப்போவதில்லை. கரும்பு வாங்கும் ஓர் ஆலை, அதன் கோட்ட அலுவலகம், அதில் ஒரு கணினி. அவ்வளவு போதும். அந்தக் கணினியில் எங்கள் பகுதியில் ஆலைக்குப் பதிவு செய்த கரும்பு முழுவதும் இருந்தது: யாருடைய வயல், எந்த ரகம், என்றைக்கு நட்டது. எது முற்றியது, எதை முதலில் வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு, விடியற்காலையில் உரியவர் கைபேசிக்குத் தானாகவே ஒரு செய்தி அனுப்பும். உங்கள் கரும்பை வெட்டலாம் என்று. கட்டிங் ஆர்டர் என்பார்கள். அது வராமல் எங்கள் பக்கத்தில் யாரும் கரும்பில் கத்தி வைப்பதில்லை. வந்துவிட்டால் யாரும் காத்திருப்பதுமில்லை. அந்த நிரலை எழுதியவன் நான். கணிதத்தில் முதுகலை படித்துவிட்டு வந்து, ஆலையில் யாருக்கும் கணினி தெரியாத காலத்தில் உட்கார்ந்து எழுதினேன்.

இப்போது அந்த இயந்திரத்தின் வன்வட்டு கரகரவென்று சத்தம் போட்டது. புது இயந்திரம் வாங்கியிருந்தார்கள். பழைய நிரலைப் புதியதில் நேரடியாக ஏற்றினால் ஓடாது. அது கேட்கும் துணை நிரல்கள் எல்லாம் வழக்கொழிந்துவிட்டன. ஆகவே நான் சொன்ன வழி இது: பழைய வட்டை அப்படியே, ஓர் எழுத்து விடாமல், ஒரே கோப்பாகப் பிரதி எடுப்பது. அந்தக் கோப்பைப் புது இயந்திரத்துக்குள் கொண்டுவந்து கன்டெய்னராக ஓடவிடுவது. ஒரு பெரிய வீட்டில் பல குடித்தனங்கள் இருந்து, எல்லாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். பழைய இயந்திரத்தின் அடுப்படி, அலமாரி, சாமி படம் எல்லாம் அப்படியே ஓர் அறைக்குள் வந்துவிடும். கிணறு மட்டும் புது வீட்டினுடையது. உள்ளே இருக்கும் நிரலுக்குத் தான் இடம் மாறியதே தெரியாது.

வட்டைப் பிரதி எடுத்து, அந்தக் கோப்பைக் கையடக்கமான வெளி வட்டில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஒரு வாரம் போல அதை வைத்துக்கொண்டு பார்த்தேன். அந்த இடைவெளியில் ஆலையில் கொதிகலன் பழுதாகி, அரவை தள்ளிப்போனது. அலுவலகத்தில் பழைய இயந்திரத்தில் கட்டிங் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள். எனக்கும் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டேன். என் கையில் இருந்த பிரதிக்கு அது தெரியாது என்பதை நினைக்கவில்லை. பிரதி எடுத்த நாளுக்குப் பிறகு உலகத்தில் நடந்த எதுவும் பிரதிக்குத் தெரியாது. இதை நான் நாற்பது பேருக்காவது பாடமாகச் சொல்லியிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை கோப்பைப் புது இயந்திரத்துக்குள் கொண்டுவந்தேன். கொஞ்சம் முரண்டு பிடித்தது. பழைய துணுக்குகள் இரண்டை எடுத்துப் போட்டதும் வழிக்கு வந்தது. இதற்கு மேல் இரண்டு வழிகள் இருந்தன. அறைக்கதவை மட்டும் திறந்து, உள்ளே போய், எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவது ஒன்று. முழு வீட்டையும் எழுப்பி நடமாட விடுவது இன்னொன்று. எழுப்பினாலும் வெளியுலகத் தொடர்பை அறுத்துவிட்டு எழுப்பலாம். கட்டளையில் ஒரு சொல் சேர்த்தால் போதும். நான் அதைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் என் மேசையிலிருந்து திரையைப் பார்க்க இன்னொரு வேலை செய்ய வேண்டியிருக்கும். அலுப்பாக இருந்தது. அதைவிடப் பெரிய காரணம், கரும்புக் கொள்முதலைப் பார்க்கும் கேன் ஆபீசர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்க்கும்போது அது முழுசாக எழுந்து நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அலுவலகத்தில் கணினி இயக்கும் பெண் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். முப்பது வயதிருக்கும். எலவனாசூர்கோட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள்.

"சார், உள்ள தானா ஓடுற வேலைய எல்லாம் நிறுத்திட்டீங்களா? விடிகாலைல அதுவா மெசேஜ் அனுப்புமே."

"அதெல்லாம் பாத்துக்கினேன்மா. எழுதினதே நான்தான்."

"எழுதினவங்களுக்குத்தான் சார் ஜாஸ்தி மறக்கும். எங்க மாமியார் தானே வச்ச உப்பு டப்பாவத் தேடற மாதிரி."

கேன் ஆபீசர் சிரித்தார். "இன்னாம்மா நீ, சாரையே கேள்வி கேட்டுக்கினு. அவர் நம்ம ஆலைக்கே வாத்தியாரு."

நானும் சிரித்தேன். நான் எதையும் பார்த்திருக்கவில்லை. கட்டளையைக் கொடுத்தேன். பழைய இயந்திரத்தின் பெயர், பழைய வரவேற்பு வரி, நான் எப்போதோ வைத்த முருகன் துணை என்ற சொற்கள், எல்லாம் திரையில் ஏறி வந்தன. "செத்தத எழுப்பிட்டீங்களே சார்!" என்றார் ஆபீசர். அரவைத் தொடக்க விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகவும் அப்போதே சொன்னார். எழுந்ததை அப்படியே ஓடவிட்டுவிட்டு மாலை பஸ்ஸைப் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பிரதி தன் வேலையைச் செய்தது. அதன் கணக்கில் அரவை தொடங்கிவிட்டது. முதல் முறைக்கு உரிய சில வயல்களுக்கு ஆலையின் பெயரில் கட்டிங் ஆர்டர் போனது.

செய்தி வந்தவர்களில் ஒருத்தியைத் தவிர மற்றவர்கள் வெட்டவில்லை. அந்தந்த ஊரில் ஆலையின் கரும்பு உதவியாளர்கள் இருந்தார்கள். ஆலை இன்னும் தொடங்கவில்லை, பொறுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். களமருதூர்ப் பக்கம் ஓர் ஊரில் மட்டும் உதவியாளர் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அந்த ஊரில் ஒரு பெண்மணி குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கரும்பு வைத்திருந்தாள். அதற்கு முன் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் களை பறித்தவள். நிலக்காரர் சென்னையில் இருந்தார். தன் பெயரில் பதிவு செய்து அவள் போட்ட முதல் கரும்பு அது.

வெட்டுக்கு அவள் கல்வராயன் மலையிலிருந்து ஆட்களைச் சொல்லி வைத்திருந்தாள். அவர்களுடைய மேஸ்திரிக்கு வெற்றிலை பாக்கு கொடுத்து அவர் வாங்கிக்கொண்டால், வேறு எங்கே கூப்பிட்டாலும் அந்த வெட்டு முடியும்வரை அவர்கள் போக மாட்டார்கள். ஆனால் நாளைத் தள்ளிக்கொண்டே போனால் அது கொடுத்தவளுக்குக் கெட்ட பெயர். அடுத்த வருடம் வெற்றிலையை யாரும் தொட மாட்டார்கள். செய்தி வந்ததும் அவள் மேஸ்திரிக்குப் போன் செய்தாள். கச்சிராயபாளையம் வழியாக வேனில் இறங்கி வந்து, அன்று மத்தியானமே கத்தி வைத்தார்கள். மறுநாள் காலையில் முக்கால் வயல் தரையில் கிடந்தது. ஏற்றிப் போக ஆலை டிராக்டர் வரவில்லை.

திங்கட்கிழமை அவள் அலுவலகத்துக்கு வந்தபோது நான் அங்கே இருந்தேன். கைபேசியை ஆபீசர் மேசைமேல் வைத்தாள்.

"இது யாரு போட்டது சார்? வெட்டுன்னு சொல்லிட்டு, இப்ப ஆலையே ஓடலன்றாங்க வாட்ச்மேன்."

ஆபீசர் பார்த்தார். "நாங்க அனுப்பலம்மா. நாங்கதான் நிறுத்தி வச்சிருக்கோமே."

"அப்ப என் போனு பொய் சொல்லுதா? ஆலை பேரு போட்டிருக்குதே."

"எவனாச்சும் வெளாட்டுக்கு அனுப்பியிருப்பான். நீயும் அவசரப்பட்டுட்ட. சிம்னில பொகை வருதான்னு பாத்துட்டு வெட்டக் கூடாதா?"

"களமருதூர்லேருந்து உங்க சிம்னி தெரியுமா சார்?"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். கரும்பு வெட்டியவர்களின் மேல் ஒட்டும் சொனை பட்டு அவள் முழங்கை வரிவரியாகச் சிவந்திருந்தது. ஆபீசர் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க சொல்லுங்க. நம்ம மிஷின்லேருந்து இது போயிருக்குமா?"

அந்தச் செய்தியின் வாசகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வார்த்தைகள் நான் எழுதியவை. இயக்கும் பெண்ணுக்கும் தெரிந்துவிட்டது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பழைய மிஷின்லேருந்து போகலை சார்" என்றேன்.

சொன்னது உண்மை. அதைவிடச் சுத்தமான பொய்யை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை. அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது ஓடிக்கொண்டிருந்த கன்டெய்னரை நிறுத்தி அழித்தேன். வேறு யாருக்கும் செய்தி போய்விடக் கூடாது என்பதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிறுத்தியிருந்தாலே போதும். அழிக்கத் தேவையில்லை.

இதைப் படிக்கிறவர்கள், சும்மா ஒரு தவறுதானே, அன்றே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பார்கள். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்னொன்றும் நடந்திருக்கும். ஆலைக்குப் பதிவு செய்த கரும்பை வெளியே கொடுக்கக் கூடாது. ஆலையே எழுதிக் கொடுத்தால் கொடுக்கலாம். தப்பு எங்களுடையது என்று தெரிந்தால் அந்தச் சீட்டை ஆபீசர் அன்றைக்கே கொடுத்திருப்பார். தியாகதுருகம் பக்கத்தில் வெல்லம் காய்ச்சுகிறவர்கள் அப்போது அடுப்பு மூட்டித்தான் இருந்தார்கள். தப்பு அவளுடையது என்று ஆனதால், விதி விதியாகவே நின்றது. அரவை தொடங்கட்டும், முதலில் உன்னுடையதை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். வெட்டின கரும்பு அப்படிக் காத்திருக்காது. எனக்குத் தெரியும். அவளுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் முட்டி வலி என்று சொல்லி வீட்டில் இருந்தேன். வலி இருந்தது. வியாழக்கிழமை கள்ளக்குறிச்சிக்கு என்று கிளம்பியவன், எதற்கென்று தெரியாமல் வேறு பஸ் ஏறி அவள் ஊரில் இறங்கினேன்.

வயலை யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. புளித்த வாடை வழி சொன்னது. வெட்டிய கரும்பைக் கட்டுக்கட்டாக அடுக்கி மேலே காய்ந்த தோகையைப் பரப்பியிருந்தாள். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அதன்மேல் தெளித்துக்கொண்டிருந்தாள். ஈரமாக வைத்தால் கொஞ்சம் தாங்கும் என்று. வெட்டு வாய்கள் சிவந்து ஈ மொய்த்தன. மலையாட்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி என்னை ஆலை ஆள் என்று கண்டுகொண்டார்.

"வண்டி வருதா சார்?"

"இன்னும் இல்ல."

"கத்திய வச்சிட்டுக் குந்திக்கினு இருக்கோம். மொளகு தோட்டத்துக்குக் கூப்புட்டாங்க, போகல. வெத்தல வாங்கியாச்சே." பிறகு அவளைப் பார்த்துக் குரல் தாழ்த்தினார். "அந்தம்மா எங்களப் போகச் சொல்லுது சார். ஏத்தி வுடாம எப்டிப் போறது?"

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "இன்னா சார், நீங்க அந்தக் கம்ப்யூட்டர் சார்தானே? யாரு அனுப்புனான்னு கண்டுபுடிச்சிட்டீங்களா?"

"பாத்துக்கினு இருக்கோம்மா" என்றேன். அங்கேயும் சொல்லவில்லை.

அங்கிருந்து நேராக அலுவலகம் போய் ஆபீசரிடம் சொன்னேன். இயக்கும் பெண் அங்கேயே இருந்தாள். அவள் எழுந்து போகவும் இல்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை. ஆபீசர் வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து மூடினார்.

"சார், இத வெளிய சொல்ல வேணாம். ஆலை பேரு போயிடும். எம்மேலயும் வரும். சீட்டு குடுத்துடறேன், வெளில வித்துக்கட்டும்."

"அந்தம்மா கிட்டயாச்சும்..."

"வேணாம் சார். உங்களுக்கு இன்னா வயசு, இதெல்லாம் தேவையா?"

சீட்டு அன்றே போனது. வெல்லம் காய்ச்சுகிறவர் வெள்ளிக்கிழமை வந்து ஒரு கரும்பை ஒடித்தார், முகர்ந்தார், கடித்துத் துப்பினார். "வெல்லம் கட்டாதும்மா. பாகு கறுத்துக்கினு நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். வெட்டாமல் நின்ற கால் வயல் கரும்பு மட்டும் பிறகு ஆலைக்குப் போனது. அது உழுத கூலிக்கும் போதவில்லை. பொங்கல் முடிந்ததும் நிலக்காரர் குத்தகையை மாற்றி, வேறு ஒருவருக்குச் சவுக்கு போடக் கொடுத்துவிட்டார். இவையெல்லாம் இயக்கும் பெண் சொல்லி எனக்குத் தெரிந்தவை. கேட்காமலேயே ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் என்னைத் தண்டித்த விதம் அது.

அரவைத் தொடக்க விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

கரும்பு இழந்தவளின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னது சவுக்கு நட்ட பிறகுதான். ஆபீசர் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். இனி யாருக்கும் கேடு வராது என்று உறுதியான பிறகு எனக்குத் தைரியம் வந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். பிரதி, கன்டெய்னர் என்றெல்லாம் விளக்கப் பார்த்தேன். அவள் முறத்தை நிறுத்தவில்லை.

"ஒண்ணு நெசம் மிஷினு, ஒண்ணு அதும் மாதிரியே செஞ்சது. நெசம் மிஷினு வெட்டாதன்னுச்சு, இன்னொண்ணு வெட்டுன்னுச்சு. அதானே?"

"ஆமாம்மா."

"அத எழுப்பி வுட்டுட்டு நீங்க வூட்டுக்குப் போயிட்டீங்க."

"ஆமா."

"அன்னிக்கு ஆபீசுல நான் நின்னுக்கினு இருந்தனே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

முறம் நின்றது. நான் சட்டைப் பையில் கை வைத்ததைப் பார்த்து, "எடுக்காதீங்க" என்றாள். "அத வாங்கிக்கினா நீங்க நல்லாத் தூங்குவீங்க. நான் இன்னா பண்றது?"

கிளம்பும்போது என் கைபேசி எண்ணைக் கேட்டாள். திட்டுவதற்கு இருக்கும் என்று நினைத்தேன், கொடுத்தேன்.

இப்போது புது இயந்திரத்தில் கன்டெய்னர் ஒழுங்காக ஓடுகிறது. ஒழுங்காக என்றால், நான் இல்லாமல். இயக்கும் பெண் மறுபடி ஒரு புதிய பிரதி எடுத்து, தொடர்பை அறுத்து எழுப்பிப் பார்த்து, தானாக ஓடும் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, பழைய இயந்திரத்தை அணைத்த பிறகே தொடர்பையும் அந்த வேலைகளையும் திறந்துவிட்டாள். என்னை ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை.

என்னிடம் இருந்த பழைய கோப்பு அந்த வெளி வட்டில் இன்னும் இருக்கிறது. அழித்துவிடலாம் என்று அலமாரியைத் திறப்பேன், திரும்ப மூடிவிடுவேன். ஒருமுறை வீட்டுக் கணினியில் எல்லாத் தொடர்பையும் அறுத்துவிட்டு, அதை எழுப்பாமல் கதவை மட்டும் திறந்து உள்ளே பார்த்தேன். அந்தக் கரும்புக்காரியின் பெயர் இருந்தது, நட்ட தேதி இருந்தது. வெட்டவில்லை என்று இருந்தது. அதற்குள் அவள் கரும்பு இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

அரவைப் பருவம் வந்தால் அவள் போன் வரும். தனக்காக அல்ல. அவளுக்கு இப்போது நிலம் இல்லை. அடுத்தவர் கரும்புக்குத் தோகை உரிக்கப் போகிறாள். ஊரில் யாருக்குக் கட்டிங் ஆர்டர் வந்தாலும், வெட்டுவதற்கு முன்னால் அவளிடம் கொண்டுவந்து காட்டுகிறார்களாம். அவள் என்னைக் கூப்பிடுகிறாள். நான் இயக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, பெயரையும் ஊரையும் சொல்லி, போனது சரிதானா என்று கேட்கிறேன். சரி என்றால் திரும்ப அவளைக் கூப்பிட்டுச் சொல்கிறேன். அலுவலகத்துக்கே நேராகக் கேட்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். "ஆபீசு பொய் சொல்லும் சார். நீங்க இனிமே சொல்ல மாட்டீங்க" என்றாள். அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

இன்று காலையிலும் கூப்பிட்டாள். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், இங்க கோடி வூட்டு அண்ணனுக்கு மெசேஜ் வந்திருக்குது. ஒரிஜினலா, டூப்பா?"

விசாரித்துவிட்டுக் கூப்பிட்டேன். "ஒரிஜினல்தாம்மா. வெட்டலாம்."

"நல்லாக் கேட்டீங்களா?"

"கேட்டேன்மா."

பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. மலையிலிருந்து வந்தவர்கள் காத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. "வெட்டலாமாம், கத்திய எடுங்க" என்று அவர்களிடம் சொன்னாள். போனை வைத்துவிட்டாள்.